துப்பாக்கி பழுதாகி வெடித்த காயம்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் என்னிடம் கேட்ட கேள்விகள்

கடலூரில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலைக்காலத்தில் பாதி அவசரப் பிரிவில்தான் கழிந்தது. துப்பாக்கிக் காயம் என்றதும் எல்லோருக்கும் சண்டை, கொலை என்றுதான் நினைப்பு ஓடும். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை அப்படியில்லை. பன்றி விரட்ட எடுத்துப்போன நாட்டுத் துப்பாக்கியின் குழல் பிளந்திருக்கும். காவலாளி சுவரில் சாய்த்து வைத்தது சரிந்து விழுந்து வெடித்திருக்கும். பிள்ளைகள் விளையாடிய ஏர்கன் யாரையாவது பதம் பார்த்திருக்கும். ஓய்வுக்குப் பிறகும் கல்யாண வீட்டில், பஸ்ஸில், நள்ளிரவு போனில் இதே சந்தேகங்கள்தான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. யாரும் விசையை இழுக்காம துப்பாக்கி தானா வெடிக்குமா சிஸ்டர்?

வெடிக்கும். அடிக்கும் சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்திருந்தால், கீழே விழுந்த அதிர்ச்சியே போதும். ஆனால் நம் பக்கம் கையையும் கண்ணையும் அதிகம் காவு வாங்குவது வேறு ஒன்று: குழல் வெடிப்பது. குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியில், உள்ளே ஏற்கெனவே மருந்து இருப்பதை மறந்து இன்னொரு தடவை கெட்டித்துவிடுவார்கள். இடிக்கும் கம்பியை உள்ளேயே விட்டுவிட்டுச் சுட்டவர்களும் உண்டு. குழல் துருவேறி மெலிந்திருந்தாலும், உள்ளே அடைப்பு இருந்தாலும், வாய்வழியே போகவேண்டிய வேகம் பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு வரும்.

தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். திரும்பி வந்ததை வீட்டுப் பரணில் போட்டுவிட்டு, அறுப்பு நேரத்தில் துடைக்காமல் எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடுவார்கள். அதற்குள் குளவி குழலுக்குள் மண்கூடு கட்டி முடித்திருக்கும். அந்தக் கூடு ஒன்றே குழலைப் பிளக்கப் போதும்.

இன்னொன்று, தாமதமாக வெடிப்பது. விசையை இழுத்தும் சத்தமில்லை என்றால், மருந்து நமுத்துப்போய் உள்ளே புகைந்துகொண்டிருக்கலாம். ‘என்ன ஆச்சு’ என்று உடனே குழல் வாய்க்குள் எட்டிப் பார்ப்பவர்களின் முகத்தைத்தான் நாங்கள் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

2. வெடிச்ச உடனே முதல்ல என்ன செய்யணும்?

துப்பாக்கியை யாரும் தூக்காதீர்கள். இன்னொரு குழலில் தோட்டா இருக்கலாம். அடிபட்டவரை அதன் வாய்க்கு நேரே இல்லாதபடி நகர்த்திவிட்டு, 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் ஊன்றி அழுத்துங்கள். துணி நனைந்தால் எடுக்காமல், அதன்மேலேயே இன்னொன்றை வையுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் துணியையும், செருகி நிற்கும் உலோகத் துண்டையும் பிடுங்கக்கூடாது.

நெஞ்சில் பட்டிருந்தால், நினைவோடு இருப்பவரைச் சற்றே நிமிர்த்தி உட்கார வையுங்கள். துளையைக் காற்றுப் போகாமல் இறுக்கி ஒட்டாதீர்கள். உள்ளே காற்று சிக்கி மூச்சை அடைத்துவிடும். வயிற்றில் பட்டிருந்தால் ஒரு மடக்கு தண்ணீர்கூட வேண்டாம். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல் ஈரத்துணியால் மூடுங்கள். ‘சோடா குடுங்க, மயக்கம் தெளியும்’ என்று கூட்டத்தில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அவரை வழி பார்க்க ரோட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

3. ரத்தம் நிக்கவே இல்ல. இறுக்கிக் கட்டினா கை அழுகிடும்னு சொல்றாங்களே?

அழுத்தியும் நிற்காமல் பீறிட்டால் கட்டத்தான் வேண்டும். கை அழுகுவதற்குப் பல மணி நேரம் ஆகும். ரத்தம் வடிந்து உயிர் போகச் சில நிமிடம் போதும். காயத்துக்கு நாலு விரற்கடை மேலே, மூட்டு இல்லாத இடத்தில், மூன்று விரல் அகலமுள்ள துணியைக் கட்டுங்கள். முடிச்சில் ஒரு குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, குச்சி அவிழாமல் கட்டிவிடுங்கள். சணல் கயிறு, கம்பி, நைலான் நூல் எதுவும் ஆகாது, சதையை அறுக்கும்.

கட்டிய மணியை அவர் நெற்றியிலோ கையிலோ பேனாவால் எழுதுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்ந்துவிட்டால் பொதுவாக ஆபத்தில்லை. வழியில் இரக்கப்பட்டு ‘கொஞ்சம் தளர்த்தலாமே’ என்று அவிழ்க்காதீர்கள். அப்போதுதான் மிச்ச ரத்தமும் போகிறது.

4. மஞ்சத்தூள் வச்சு அனுப்பலாமா? எங்க ஆயா காபித்தூள்தான் வைப்பாங்க.

இரண்டும் வேண்டாம். தோசைக்கல்லில் சுட்டுக்கொண்டதற்கே காபித்தூள் கூடாது. வெடிமருந்து புகுந்த காயத்தில் அதையும் சேர்த்தால், எது மருந்து எது காபி என்று தோண்டி எடுப்பதிலேயே நேரம் போகும். வெறும் தீக்காயமாக இருக்கும் இடத்தில் மட்டும் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். இங்க், பற்பசை, முட்டை வெள்ளைக்கருவும் இந்தப் பதிலிலேயே அடங்கும்.

5. விரல் துண்டாயிடுச்சு. ஐஸ்ல போட்டு எடுத்துட்டு வரலாமா?

நேராக ஐஸில் போட்டால் விரல் உறைந்து வீணாகிவிடும். தண்ணீருக்குள் முக்கி வைத்தாலும் ஊறிப்போகும். விரலை ஈரமாக்கிப் பிழிந்த சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றும் தண்ணீரும் புகாமல் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீர் உள்ள பாத்திரத்தில் வையுங்கள். துறைமுகப் பக்கத்துக்காரர்களுக்கு ஐஸுக்குப் பஞ்சமில்லை, ஆனால் மீன் பெட்டியில் புதைத்துக் கொண்டுவந்து விடாதீர்கள். அதையும் பார்த்திருக்கிறேன்.

குழல் வெடித்துப் போன விரல், கத்தியால் வெட்டுப்பட்ட விரல் மாதிரி இருக்காது, நசுங்கிக் கிழிந்திருக்கும். எல்லாவற்றையும் திரும்ப ஒட்ட முடியாது. ஒட்ட முடியாத விரலின் தோலும் நரம்பும்கூட மற்ற விரலைச் சரிசெய்யப் பயன்படலாம். அதனால் கிடைத்த துண்டையெல்லாம் கொண்டுவாருங்கள். எது உதவும் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

6. கண்ணுல மருந்து தெறிச்சிடுச்சு. தண்ணி ஊத்திக் கழுவட்டுமா?

கையோடு பதில் சொல்ல முடியாத கேள்வி இது. வெறும் தூளும் புகையும் பட்டு எரிச்சல் மட்டும் என்றால், சுத்தமான தண்ணீரில் மெதுவாகக் கழுவலாம். ஆனால் குழலோ, மருந்தைப் பற்றவைக்கும் கேப்போ வெடித்துச் சில்லு பறந்திருந்தால், பார்வை மங்கினால், கண்மணியின் வட்டம் கோணலாகத் தெரிந்தால், கண்ணிலிருந்து கெட்டியாக ஏதாவது கசிந்தால், கண் உருண்டையே துளைத்திருக்கலாம். அப்போது கழுவக்கூடாது, கசக்கக்கூடாது, சொட்டு மருந்தோ தாய்ப்பாலோ விடக்கூடாது. கண்ணின்மேல் எதுவும் அழுத்தாதபடி ஒரு காகித டம்ளரைக் கவிழ்த்து ஒட்டுங்கள். எந்த வகை என்று சந்தேகமாக இருந்தால் இரண்டாவது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணில் மட்டும்தான் அடி என்றால், கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் தவளக்குப்பத்திலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. வேறு இடத்திலும் பட்டிருந்தால் முதலில் பெரிய மருத்துவமனைதான். கண்ணை அங்கேயே பார்ப்பார்கள். துளைத்த கண்ணைச் ‘சரியாயிடும்’ என்று போட்டுவைத்தால், அரிதாக உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நல்ல கண்ணையும் தாக்கும். இரும்புச் சில்லு உள்ளே தங்கினால் துருவாலும் பார்வை போகும்.

7. மொகமெல்லாம் கரும்புள்ளியா இருக்கு. நாலு நாள் சோப்பு போட்டா போயிடும்ல?

போகாது. அது அழுக்கு இல்லை, எரியாத மருந்துத் துகள் தோலுக்குள் புகுந்தது. அப்படியே ஆறிவிட்டால் பச்சை குத்தியது போல ஆயுசுக்கும் நிற்கும். மரக்கச் செய்து, தூரிகையால் தேய்த்து எடுப்பதற்கு முதல் ஒன்றிரண்டு நாள்தான் நல்ல வாய்ப்பு. பிறகு லேசர்வரை போக வேண்டியிருக்கும். வீட்டில் ஊசியால் குத்தி எடுக்கப் பார்க்காதீர்கள்.

8. ஏர்கன்தானே, சில்வர் பீச்ல பலூன் சுடறதுதானே? அதுக்குப் போய் ஆஸ்பத்திரியா?

தேவனாம்பட்டினம் கடற்கரையில் பலூன் சுட்டுப் பழகியதால் வரும் தைரியம் இது. 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் உள்ளவையும், 4.5 மில்லிமீட்டரைவிடப் பெரிய குழல் உள்ளவையும் உரிமம் கேட்கும் ஏர்கன்கள். அதற்குக் கீழே இருப்பதற்கு உரிமம் தேவையில்லை என்பதற்காக அது பொம்மை ஆகிவிடாது. கிட்டத்தில் பட்டால் ரவை என்கிற அந்தச் சின்னக் குண்டு தோலைத் துளைக்கும். கண் வழியாக மூளைக்கும், விலா இடுக்கு வழியாக இதயத்துக்கும் போன சம்பவங்கள் மருத்துவ உலகில் பதிவாகியிருக்கின்றன.

வெளியே மிளகு அளவு துளை. ஒரு சொட்டு ரத்தம். பிள்ளை ஓடி விளையாடுவான். துளையின் அளவை வைத்து உள்ளே நடந்ததைக் கணக்கிட முடியாது என்பதை இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றால் இங்கேதான் சொல்வேன். தலை, கழுத்து, கண், நெஞ்சு, வயிறு, இடுப்பு, இந்த இடங்களில் ஏர்கன் ரவை பட்டால் எக்ஸ்ரே எடுக்காமல் வீட்டில் வைத்திருக்கக்கூடாது.

9. எங்க போறது? கடலூரா, பாண்டியா, சிதம்பரமா?

காயக்கட்டு, மூச்சு, ரத்தம் இவற்றைச் சமாளிக்கப் பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனை எதுவோ அங்கே. கடலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள்: ‘கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி’ என்பது சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருக்கிறது, பழைய ராஜா முத்தையா. புதுச்சேரியில் ஊருக்குள் இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர்.

கை சிதைந்தது, விரல் துண்டானது போன்றவற்றுக்கு ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) பிரிவு உள்ள ஜிப்மர் போன்ற இடம் தேவைப்படும். ஆனால் கடலூரிலிருந்து கோரிமேடு போக மொத்தப் புதுச்சேரியையும் தாண்ட வேண்டும். முதலியார்பேட்டை நெரிசலில் பீறிடும் ரத்தத்தோடு நிற்பதைவிட, பக்கத்தில் ரத்தத்தை நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றி, முன்கூட்டியே போன் பண்ணிவிட்டுப் போவது மேல்.

10. காயத்தைத் தைக்காம திறந்தே விட்டுட்டாங்க. கவனிக்காம விட்டுட்டாங்களோ?

கவனித்ததால்தான் தைக்கவில்லை. வெடித்த காயத்துக்குள் துணி, மண், கரி, செத்த சதை எல்லாம் இருக்கும். மேலே தைத்து மூடினால் காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அறுவை அரங்கில் கழுவி, செத்ததை வெட்டி, திறந்து வைத்து, சில நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால் தைப்பார்கள். இரண்டு மூன்று தடவை உள்ளே கொண்டுபோனாலும் பயப்பட வேண்டாம்.

ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி பற்றியும் இங்கேயே: கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நினைவில் இல்லை என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். இந்த மாதிரிக் காயத்துக்கு ஐந்து வருடம் தாண்டியிருந்தாலே மறுபடி ஊசி. முன்பு முறையாகப் போட்டதே இல்லை என்றால், ரணஜன்னிக்கான இன்னொரு ஊசியும் சேரும்.

11. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னாங்க. அப்புறம் ஏன் மூணு மாசமா சீழ் வடியுது?

நாட்டுத் துப்பாக்கியில் மருந்துக்கும் ரவைக்கும் நடுவே தக்கை போல எதையாவது வைத்து இடிப்பார்கள்: தேங்காய் நார், காகிதம், கந்தல் துணி. கிட்டத்தில் வெடித்தால் அதுவும் சதைக்குள் போகும். எக்ஸ்ரேயில் உலோகம் தெரியும், நாரும் துணியும் தெரியாது. ஒருவருக்கு மாதக்கணக்கில் கட்டுப் போட்டோம். கடைசியில் மருத்துவர் தோண்டி எடுத்தது கட்டம் போட்ட லுங்கித் துண்டு. ‘அது என் பழைய லுங்கிங்க’ என்றார், ஏதோ தொலைந்தது கிடைத்த மாதிரி.

என்ன வைத்து இடித்தோம் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் முதல் நாளே தேடியிருப்பார்கள். ஆறாத காயத்துக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தால் இவை சில சமயம் தெரியும்.

12. ரவை உள்ளயே இருக்கு, டாக்டர் எடுக்க மாட்டேங்கறார். விஷம் ஏறாதா?

தசைக்குள் சும்மா கிடக்கும் ரவையைத் தேடி அறுப்பதால் வரும் சேதம், அதை விட்டுவைப்பதைவிடப் பெரிது. உடம்பே அதைச் சுற்றி ஒரு கூடு கட்டிவிடும். எடுத்தே ஆக வேண்டிய இடங்கள் உண்டு: மூட்டுக்குள், கண்ணுக்குள், ரத்தக்குழாயில், நரம்பை அழுத்தும் இடத்தில், சீழ் பிடித்த இடத்தில்.

மூட்டுக்கு ஏன் தனி அக்கறை என்றால், ரவை ஈயமாக இருந்தால் மூட்டு நீர் அதைக் கரைக்கும். கரைந்த ஈயம் ரத்தத்தில் ஏறும். மாதங்கள், வருடங்கள் கழித்து வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை, காரணம் தெரியாத அசதி என்று வரலாம். அப்போது ‘எனக்கு உள்ளே ரவை இருக்கு’ என்று நீங்களே சொன்னால்தான் மருத்துவருக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்கத் தோன்றும்.

13. முதுகு வலிக்கு எம்.ஆர்.ஐ. எழுதியிருக்காங்க. பழைய ரவை இருக்கறத சொல்லணுமா?

கட்டாயம். ஈயத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் நம் பக்கம் ஈயத்துக்குப் பதிலாக சைக்கிள் பால்ரஸ் குண்டுகளைப் போடும் வழக்கம் உண்டு. அது எஃகு. காந்தத்துக்குள் படுத்தால் நகரலாம், கண்ணுக்கோ தண்டுவடத்துக்கோ அருகில் இருந்தால் பெரும் கேடு. இருபது வருடத்துக்கு முந்தைய காயமாக இருந்தாலும் சொல்லுங்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவு செய்வார்கள்.

14. காதுல ‘ஙொய்’னு சத்தம் நிக்கல. நல்லெண்ணெய் காய்ச்சி விடலாமா?

வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் போய்ச் சீழ் வைக்கும். சின்னக் கிழிசல் பெரும்பாலும் சில வாரத்தில் தானே மூடும், தலை குளிக்கும்போது தண்ணீர் மட்டும் போகக்கூடாது. கேட்பது குறைந்திருந்தால் அந்த வாரமே காது மருத்துவரைப் பாருங்கள். உள்காது நரம்பு சம்பந்தப்பட்டிருந்தால் மருந்து சீக்கிரம் தொடங்க வேண்டும்.

15. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. கம்பி குத்திடுச்சுன்னு சொல்லிட்டா என்ன?

அதிகம் கேட்கப்பட்டதும், குரலைத் தாழ்த்திக் கேட்கப்பட்டதும் இதுதான். ஒளித்துப் பேசாமல் சொல்கிறேன். துப்பாக்கிக் காயம் என்றால் மருத்துவமனை அதைச் சட்டம் சார்ந்த காயமாகப் பதிந்து காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பும். உரிமமில்லாத துப்பாக்கி 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். காட்டுப்பன்றி, மயில் என்று போயிருந்தால் 1972 வன உயிரினச் சட்டமும் சேரும். இதில் எதையும் என்னால் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் சிகிச்சைக்கு முன் போலீஸ் வர வேண்டும் என்பதில்லை. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: அடிபட்டு வந்தவர் யாராக இருந்தாலும், சட்ட நடைமுறைக்குக் காத்திராமல் மருத்துவர் உயிரைக் காக்க வேண்டும். குற்றம் செய்தவருக்கும் இது பொருந்தும்.

பொய் சொல்வதால் வழக்கு தப்புவது அபூர்வம். எக்ஸ்ரேயில் பத்து ரவை தெரியும்போது கம்பிக் கதை எத்தனை நிமிடம் நிற்கும்? அதற்குள் தவறான இடத்தில் தேடியிருப்பார்கள். 11இல் நார், 13இல் பால்ரஸ் என்று பார்த்தோமே, அந்த விவரம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். எந்தத் துப்பாக்கி, எவ்வளவு தூரம், உள்ளே என்ன போட்டது, எத்தனை மணிக்கு, இந்த நான்கையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மற்றதை வக்கீலிடம் பேசிக்கொள்ளலாம். போட்டிருந்த சட்டையை எரிக்காதீர்கள். விபத்துதான் என்று நிரூபிக்க உங்களுக்கே அது உதவலாம்.

16. நடந்தது பாகூர் பக்கம், வீடு கடலூர் மாவட்டம். எந்த ஸ்டேஷன்?

வீடு தமிழ்நாட்டிலும் வரப்பு புதுச்சேரியிலும் இருக்கும் ஊர் நம் ஊர். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய நடைமுறைச் சட்டப்படி, எல்லை எதுவானாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதியலாம். அவர்கள் உரிய நிலையத்துக்கு மாற்றி அனுப்புவார்கள். வண்டியை எல்லைக்காகத் திருப்ப வேண்டாம்.

17. ‘நம்மைக் காக்கும் 48’ல இதுக்குப் பணம் கட்டாம பாப்பாங்களா?

அது தமிழ்நாடு அரசுத் திட்டம், சாலை விபத்துக்கு மட்டும். அரசு மருத்துவமனையில் பொதுவாகப் பணம் கேட்கமாட்டார்கள். தனியாரிடம் போனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எந்த அறுவை அடங்கும் என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேளுங்கள்.

18. வெடிக்காத துப்பாக்கி பரண்ல கிடக்கு. தாத்தா மருந்து போட்டு வச்சதாம். எப்படி எடுக்கறது?

நீங்கள் எடுக்காதீர்கள். கம்பி விட்டு நோண்டுவது, தண்ணீர் ஊற்றுவது, ‘வானத்தைப் பார்த்து ஒரு தடவை சுட்டுட்டா தீர்ந்துச்சு’ என்பது, மூன்றும் 1ஆம் பதிலுக்கே உங்களைக் கொண்டுபோகும். அந்த அறையைப் பூட்டிவிட்டுக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். அவர்களே ஆளை வைத்து எடுப்பார்கள். நீங்களே தூக்கிக்கொண்டு பைக்கில் போகவேண்டாம்.

19. கை ஆறிடுச்சு சிஸ்டர். ஆனா பையன் தீபாவளி வெடிக்கு கட்டிலுக்கு அடியில போய் ஒளியறான், ராத்திரி அலறுறான்.

பையன் கோழை இல்லை. பக்கத்தில் நின்று அப்பா கை சிதைந்ததைப் பார்த்தவன். முதல் சில வாரம் இப்படி இருப்பது சகஜம். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் கெட்டு, பள்ளிக்கூடம் போக மறுத்து, அந்தக் கொல்லைப் பக்கமே போகாமல் இருந்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தச் சிகிச்சை பெரும்பாலும் பேச்சுதான், மாத்திரை எல்லோருக்கும் தேவைப்படாது. போனில் தமிழிலேயே பேச 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம். மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தால் இருக்கட்டும், அவிழ்க்கச் சொல்லமாட்டேன். போனும் பண்ணுங்கள்.